முதல் பாஷை

குழந்தைக்கு எந்தக் கம்ப்யூட்டர் மொழியை முதலில் சொல்லித் தருவது என்பது வெறும் தொழில்நுட்பக் கேள்வியாகவே பேசப்படுகிறது. பெற்றோரிடம் பதில் தயாராக இருக்கிறது: எதில் வேலை கிடைக்குமோ அது. எட்டு வயதுக் குழந்தை வேலைக்குப் போகும் நாளில் அந்த மொழி இருக்குமா என்பது ஒருபுறமிருக்கட்டும். மறுக்கத் தெரியாத ஒரு ஜீவனுக்காக நாம் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. தாய்மொழி வாய்த்துவிடுகிறது, யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. இங்கே அப்படித் தப்பிக்க முடியாது.

பேஸிக்கை முதலில் கற்றவர்களின் மனம் ஊனப்பட்டுப் போகிறது, அவர்களைத் தேற்றுவது அநேகமாக அசாத்தியம் என்ற ரீதியில் டைக்ஸ்ட்ரா 1975ல் எழுதினார். 1964ல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமனியும் கர்ட்ஸும் உண்டாக்கிய மொழி அது. விஞ்ஞானம் படிக்காதவர்களும் கம்ப்யூட்டரைத் தொட வேண்டும் என்ற நல்ல நோக்கம். எண்பதுகளில் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் ஸ்விட்சைப் போட்டதும் பேஸிக்தான் வந்து நின்றது. குழந்தைகளுக்கு அது சேர்ந்தது அப்படித்தான். டைக்ஸ்ட்ராவின் கூற்றில் இருப்பது பண்டிதக் கோபம். யாப்புப் படித்தவனுக்குப் புதுக்கவிதை வராது என்று நம்மில் சிலர் சொல்வதைப் போன்றதுதான் இதுவும். யாப்பறிந்தவர்கள் நல்ல புதுக்கவிதை எழுதினார்கள். பேஸிக்கில் தொடங்கியவர்களும் பிற்பாடு உருப்படியான காரியங்கள் செய்தார்கள். மனம் அவ்வளவு லேசில் ஊனப்படுவதில்லை. ஆனால் தவறு என்பது என்ன மாதிரியான விஷயம் என்பதை முதல் மொழி கற்பித்துவிடுகிறது. நாம் தேர்வது உண்மையில் அதைத்தான்.

லோகோ 1967ல் மாஸசூஸெட்ஸில் ஃபோர்ஸைக், பேப்பர்ட், ஸிந்தியா ஸாலமன் ஆகியோர் குழந்தைகளுக்கென்றே அமைத்தது. பேப்பர்ட் அதற்குமுன் ஜெனீவாவில் பியாஜேயுடன் சில வருஷங்கள் வேலை பார்த்தவர். பின்னால் லோகோவுக்கு ஓர் ஆமை வந்து சேர்ந்தது. நூறு முன்னால் போ, வலப்பக்கம் தொண்ணூறு திரும்பு. இதை நான்கு முறை செய்தால் சதுரம். அடுத்து முக்கோணம். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்று பள்ளியில் படித்த குழந்தை, 60 திரும்பச் சொல்கிறது. மூன்று முறை. ஆமை அறுகோணத்தில் பாதியைப் போட்டுவிட்டு, வாய் மூடாத உருவத்தின் முனையில் நிற்கிறது. குழந்தை எழுந்து, தரையில் தானே முக்கோணமாக நடந்து பார்க்கிறது. முனையில் உடம்பு திரும்புவது 60 அல்ல, 120. மூன்று 120கள் சேர்ந்து 360. புறப்பட்ட திசைக்கே முகம் வந்துவிடுகிறது. சிவப்பு மை இல்லை. தவறு கண்முன் ஒரு பொருளாகக் கிடந்தது, சுற்றி வந்து பார்க்க முடிந்தது. நான் வங்கிக் குமாஸ்தா. ரொக்கம் டாலி ஆகாத மாலைகளில் தவறு எங்கே என்பதற்கு முன்னால் யாருடையது என்றுதான் எங்களிடையே பேச்சு கிளம்பும். இப்படி ஓர் ஆமை எங்களில் யாருக்கும் சின்ன வயதில் கிடைத்ததில்லை.

2007ல் எம்.ஐ.டி.யிலிருந்து வந்த ஸ்க்ராட்ச்சில் கட்டளைகள் வண்ணத் துண்டுகள். பொருந்தாத துண்டு ஒட்டாது, எழுத்துப்பிழைக்கு இடமே இல்லை. இது சலுகை என்று குறைசொல்பவர்கள் இருக்கிறார்கள். அரைப்புள்ளி விட்டுப்போனதற்காகத் தண்டனை பெறுவதில் என்ன கல்வி இருக்கிறதோ, எனக்கு விளங்கவில்லை. சிந்தனையின் பிழைகள் அங்கேயும் மிச்சமிருக்கின்றன. என் சங்கடம் வேறு: பூனை, உடைகள், சப்தங்கள் எல்லாம் ஆயத்தமாகக் கிடக்கின்றன. லோகோவின் ஆமை வெறுங்கையோடு வந்தது. நானானால் ஆமையிடம்தான் முதலில் அனுப்புவேன். பைதான் பன்னிரண்டு வயதுக்கு மேல் ஆகட்டும்.

ஆங்கிலம் தெரியாத குழந்தையின் விஷயம் பாக்கி இருக்கிறது. தமிழ்ச் சொற்களாலான எழில் என்ற மொழி உண்டு. அதில் நிபந்தனையை முதலில் எழுதி, பிறகு 'ஆனால்' என்று போட வேண்டும். நாம் பேசுகிற வரிசை இது. ஆனால் 'பதிப்பி' முன்னால் நிற்கிறது, பதிப்பிக்க வேண்டியது பின்னால் வருகிறது. சொல் தமிழ், வாக்கியம் ஆங்கிலம். நம் மொழிபெயர்ப்புக் கட்டுரைகள் பலவற்றில் பார்த்து அலுத்த சமாசாரம். வினை கடைசியில் வருவது கம்ப்யூட்டருக்கு ஆகாததும் அல்ல. 1970 வாக்கில் சார்ல்ஸ் மூர் அமைத்த ஃபோர்த் என்ற மொழியில் எண்களை முதலில் வைத்து, கூட்டல் குறியை அவற்றுக்குப் பின்னால்தான் போட வேண்டும். ஆங்கிலேயன் அதைப் பழகிக்கொள்ளச் சிரமப்படுகிறான். நம் குழந்தை அப்படியே வாசித்துவிடும்: இரண்டையும் மூன்றையும் கூட்டு.