திரும்பி நின்ற பதினான்கு கார்கள்

2024 ஆடி மாதம் என் தங்கை மகன் பைக்கில் இருந்து விழுந்தான். உடன்குடியில் இருந்து தேரிக்காட்டுப் பக்கம் போகிற ரோட்டில், ஒரு வளைவில். எங்கள் ஊர் ஆடிக்காற்று தேரியின் செம்மணலை அள்ளிவந்து தாரின் மேல் மெலிசாகத் தூவிவிட்டுப் போகும். நடந்து போகிறவனுக்கு அது காலில் உறுத்தும், அவ்வளவுதான். வேகமாக வருகிற சக்கரத்துக்கு எண்ணெய் கொட்டிய தரை மாதிரி. வண்டி கூட்டாளியிடம் இரவல் வாங்கியது. பின் டயர் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. அவனுக்கு வயசு பத்தொன்பது.

வலது காலில் எலும்பு முறிவு. எதிரே சைக்கிளில் பதனீர் கொண்டுவந்த ஒரு பெரியவர், வண்டி சறுக்கி வருவதைப் பார்த்து சைக்கிளைப் போட்டுவிட்டு ஓரத்துப் பள்ளத்தில் குதித்திருக்கிறார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பதனீர் முழுவதும் மண்ணில் போயிற்று. அவர்தான் இவனைத் தூக்கி உட்கார வைத்து, ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அண்ணே, இந்தக் கோட்டிய அவனுக்குப் பிடிக்க வச்சது நீதான?"

நான் அவனுக்கு பைக் ஓட்டக் கற்றுக்கொடுக்கவில்லை. வேகமாகப் போ என்று ஒருநாளும் சொன்னதில்லை. அந்த வண்டியை இரவல் வாங்கிக் கொடுத்ததும் நான் இல்லை. இதெல்லாம் மனசுக்குள் வரிசையாக வந்தது. ஒன்றும் வாயில் வரவில்லை. ஏனென்றால் அவள் கேட்டது உண்மை.

எனக்கு அந்தக் கோட்டி பிடித்தது சோழவரத்தில். எங்கள் ஊர்ப் பையன்கள் பலரைப் போல நானும் பள்ளிக்கூடம் முடிந்ததும் மெட்ராசுக்கு, சொந்தக்காரர் மளிகைக் கடைக்குப் போனவன். 1980-களின் கடைசி. சோழவரத்தில் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்றில் கார் பந்தயம் நடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குச் சரக்கு கொண்டுவரும் டெம்போ டிரைவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தெருவில் பார்க்கிற அதே ஃபியட், அதே மாருதி. ஆனால் அங்கே அவை வேறு ஜந்துக்கள். சத்தம் நெஞ்செலும்பில் வந்து இடித்தது. கோயம்புத்தூர் கரிவரதன் என்று ஒருவர் மாருதி 800-இன் இன்ஜினை வைத்தே ஒற்றை இருக்கை ரேஸ் கார் செய்கிறார் என்று டிரைவர் சொன்னார். வெளிநாட்டில் இருந்து இறக்குமதி செய்ய வக்கில்லாதவனும் ஓட்டலாம் என்பதற்காக. பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு அன்றிரவு முழுக்க நான் தூங்கவில்லை.

ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுகூட நான் வாங்கப்போவதில்லை என்பது அன்றைக்கே தெரியும். அது எனக்கு ஒரு குறையாகப் பட்டதில்லை. யானையை நேசிப்பவன் எல்லாம் வீட்டில் யானை கட்டுவதில்லை.

மருமகன் பிறந்தது 2005-இல். அந்த வருஷம் மார்ச் மாதம் மெல்போர்னில் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணிக்காக ஓட்டினார். ஃபார்முலா ஒன்னில் இந்தியாவில் இருந்து வந்த முதல் ஆள். "நீ பொறந்த வருஷம்டா நம்மாளு போனது" என்று அவன் காதில் ஓதி ஓதியே வளர்த்தேன். நடக்கத் தெரியும் முன்னால் அவன் கையில் பொம்மை ஃபெராரி. வாய்ப்பாடு தெரியும் முன்னால் லம்போர்கினிக்கு எத்தனை சிலிண்டர் என்று சொல்வான். ஊரில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் ஒரு போனில் தலையை ஒட்டிவைத்து ரேஸ் பார்ப்போம். கல்யாணம் ஆகாத மாமனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

அவனுக்கு நான் அதிகமுறை சொன்ன கதை ஒன்று உண்டு. 2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸ், அமெரிக்க கிராண்ட் பிரீ. நரேன் நாலாவது இடம். ஐந்து புள்ளிகள். ஃபார்முலா ஒன்னில் புள்ளி எடுத்த முதல் இந்தியர். "ஷூமாக்கர் மொதல்ல, நம்மாளு நாலாவது!" இதைச் சொல்லும்போது அவன் கண்ணைப் பார்க்க வேண்டும்.

தங்கை கேட்ட கேள்வியோடு அன்றிரவு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, அந்தக் கதையில் பாதியை நான் எப்போதுமே சொன்னதில்லை என்பது உறைத்தது.

மீதிப் பாதி இதுதான். அந்தப் பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னால், பயிற்சியின்போது, ரால்ஃப் ஷூமாக்கரின் டயர் பழுதாகி கார் சுவரில் மோதியது. அந்தத் தடத்தின் கடைசி வளைவு சரிவாகக் கட்டப்பட்டது. முழு வேகத்தில் வரும்போது டயரின் மேல் பெரும் பாரம் ஏறும். அந்தப் பாரத்தைத் தங்கள் டயர்கள் தாங்கும் என்று உறுதி தர முடியாது என்று மிஷலின் நிறுவனம் அணிகளிடம் சொல்லிவிட்டது. வளைவில் வேகத்தைக் குறைக்க ஒரு தடுப்பு வைக்கலாமா என்று பேசினார்கள். ஒப்புதல் கிடைக்கவில்லை. பந்தயத்தன்று இருபது கார்களும் அணிவகுப்புச் சுற்று வந்தன. சுற்றின் முடிவில் மிஷலின் போட்ட பதினான்கு கார்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி உள்ளே போய் நின்றுவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. மைதானம் கூச்சலிட்டது. பாட்டில்கள் பறந்தன. நம்மாளு நாலாவதாக வந்தது அந்த ஆறு பேரில்.

நரேனின் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. அவர் கையில் இருந்த காரை அவர் நன்றாகவே ஓட்டினார். நான் என்னைப் பற்றிச் சொல்கிறேன். உலகத்திலேயே வேகமான ஆட்கள் பதினான்கு பேர், லட்சம் கண்கள் பார்க்க, "இந்த டயரை நம்பி இந்த வளைவில் போகமாட்டோம்" என்று திரும்பிய நாள் அது. அந்த நாளில் இருந்து நான் பையனுக்கு எடுத்துக்கொடுத்தது ஐந்து புள்ளிகளை மட்டும். மெருகு போய்விடும் என்று மற்றதை வெட்டிவிட்டேன். தேய்ந்த டயரோடு, மணல் விரிந்த வளைவில் அவன் போனபோது, அவனுக்குத் தேவைப்பட்டது நான் வெட்டிப் போட்ட அந்தப் பாதிதான்.

"உன் தப்பு இல்ல அண்ணாச்சி" என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1976-இல் ஒரு கட்டுரையில் ஒரு லாரி டிரைவரை உதாரணம் காட்டுகிறார். தன் பிழை எதுவும் இல்லாமல் ஒரு குழந்தையை இடித்துவிடுகிற டிரைவர். எல்லாரும் அவரைத் தேற்றுவார்கள், தேற்றவும் வேண்டும். ஆனால் அவர் உடனே "ஆமா, என் தப்பு இல்லதான்" என்று தூசி தட்டி எழுந்துவிட்டால், நமக்கே அவர்மேல் ஒரு சந்தேகம் வரும். வேடிக்கை பார்த்தவனின் வருத்தமும் வண்டியை ஓட்டியவனின் வருத்தமும் ஒன்றல்ல. குற்றம் இல்லாத இடத்திலும் பங்கு உண்டு. எனக்கு அந்தப் பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். அதை யாரும் என்னிடம் இருந்து பிடுங்கிக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் நான் அவனுக்கு கார்களைக் காட்டியே இருக்கக்கூடாதா? தங்கை அப்படித்தான் நினைக்கிறாள். ஆபத்தானது, வாங்க முடியாதது, பெட்ரோலைக் குடிப்பது. இதைப் போய் ஏன் பிள்ளைக்குக் காட்டணும்? நல்ல கேள்வி. 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய அரசின் கணக்கு. பெரும்பான்மைச் சாவுகளுக்குக் காரணம் அதிவேகம். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம். இந்த நாட்டில் ஒரு பையனிடம் வேகத்தின் அழகைப் பேசுவது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் எங்கள் ஊரே ஆபத்தான ஒன்றைப் பிள்ளைகளுக்குக் கைமாற்றிக் கொடுத்து வாழ்ந்த ஊர். உடன்குடிக் கருப்பட்டி என்று நீங்கள் வாங்கித் தின்பதற்குப் பின்னால் ஒரு மனுஷன் பனையில் ஏறி இறங்கியிருக்கிறான். என் தாத்தா பனையேறி. சித்தப்பாவுக்கு அவர் தொழில் கற்றுக்கொடுத்ததை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். முதல் நாள் உயரத்தைக் காட்டவில்லையாம். தளைநாரைக் கையில் கொடுத்து, எங்கே இற்றுப்போயிருக்கிறது என்று தடவிப் பார்க்கச் சொன்னாராம். பிறகு ஆள் உயரம் ஏறி, இறங்க வைத்தாராம். பல நாள் அதேதான். மழையில் மரம் வழுக்கினால் ஏறாதே, காய்ச்சல் என்றால் ஏறாதே, கோபத்தில் ஏறாதே. ஏறுவதைவிட ஏறாத நாளைத்தான் தாத்தா அதிகம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

தாத்தா பனையை நேசித்தவர். அதனால்தான் அதன் பயத்தையும் சேர்த்துக் கொடுத்தார். நான் கார்களை நேசித்தவன், ஆனால் பார்வையாளனாக. விழப்போவது நான் இல்லை என்பதால் பயத்தைக் கொடுக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பனையேறி தவறினால் விழுவது அவன் மட்டும். ரேஸ் தடத்தில் இருக்கிறவன் தெரிந்தே தலையைக் கொடுக்கிறான். அந்தத் தொழிலும் செத்துச் செத்துத்தான் பாடம் படித்தது. 1955-இல் லே மான் பந்தயத்தில் ஒரு கார் சிதறி 80-க்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் இறந்தார்கள். சுவிட்சர்லாந்து தடப் பந்தயத்தையே தடை செய்தது. 1994 மே 1 அன்று இமோலாவில் செனா இறந்த பிறகு தடங்களையும் கார்களையும் மாற்றினார்கள். வேகத்தைச் சுவருக்குள் அடைத்து வைத்ததுதான் அந்த விளையாட்டின் ஒழுக்கம். ரோடு அப்படி இல்லை. பதனீர் கொண்டுவந்த பெரியவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தவனிடம் இண்டியானாபொலிஸ் கதையை முதல் தடவையாக முழுசாகச் சொன்னேன். பேசாமல் கேட்டான். பிறகு, "மாமா, இத ஏன் முன்னால சொல்லல?" என்றான்.

"சொன்னா ஒனக்குப் பிடிக்காதுன்னு நெனச்சேன்ல."

"எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு. ஆனா ஒரு சந்தேகம். அந்தப் பதினாலு பேரும் நின்னது பயந்துட்டா, இல்ல கம்பெனி சொன்னதுக்காவயா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அணி முதலாளிகளின் முடிவு, வழக்கு பயம், எல்லாம் கலந்துதான் இருந்திருக்கும். அப்படியே சொன்னேன். "தானா நிக்கிறது கஷ்டம்தான் மாமா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, அவனே சொன்னான்: "டயர் தேஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியும்."

அந்த ஆகஸ்ட் 31, சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுத் தெருப்பந்தயம். இரண்டு பேரும் நேரில் போவதாக இருந்தது. இப்போது அவன் வீட்டுத் திண்ணையில், காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, போனில். மழை வேறு, தடத்துக்கான பாதுகாப்புச் சான்று வரத் தாமதம். மாலையில் இருந்து காத்திருந்தோம். ஊரில் பாதிப் பேர் திட்டியிருப்பார்கள். அவன் திட்டவில்லை. "சரியாப் பாக்கட்டும்" என்றான்.

தங்கை காபி கொண்டுவந்து வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்கு அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை என்பது எங்கள் இருவருக்கும் நினைவிருந்தது. "ஆமா தங்கச்சி, நான்தான்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மகனின் காலைத் தாண்டி வந்து, திண்ணையில் உட்கார்ந்து, "இன்னும் தொடங்கலயா?" என்று கேட்டாள்.