எஞ்சின் மாறினால் வண்டி மாறுமா?

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியோடு வெளிவரும் களிமண் இங்கே அகல்விளக்காகவும் பொம்மையாகவும் சூளையிலிருந்து வெளிவருகிறது. மண் வந்து சேர்வதற்கும் சரக்கு ஊர் போய்ச் சேர்வதற்கும் சிறு சுமைவண்டிகள்தான் துணை. பாடியும் சேஸும் உறுதியாக இருந்து எஞ்சின் மட்டும் தேய்ந்துபோன பழைய பிக்கப்புக்குப் புதிய எஞ்சின் ஏற்றுவது தமிழ்நாட்டு ஒர்க்ஷாப்புகளில் நெடுநாள் வழக்கம். அப்படி மாற்றிய பிறகு சாலைக்கு வருவது பழைய வண்டியா, புதிய வண்டியா? மெக்கானிக்கிடம் கேட்கும் கேள்வியாகத் தோன்றினாலும், மாறிக்கொண்டே இருக்கும் ஒன்று எதனால் அதுவாகவே நிலைக்கிறது என்று நம் சமய நூல்கள் காலங்காலமாகக் கேட்டுவந்த கேள்வி இதுதான். செய்பொருளைப் பொறுத்தவரை, அது தாங்கும் பொறுப்பு அறுபடாமல் தொடர்வதிலும், நடந்த மாற்றம் மறைக்கப்படாமல் இருப்பதிலும்தான் அதன் அடையாளம் நிற்கிறது என்பதே என் முடிவு.

எஞ்சின்தான் வண்டிக்கு உயிர் என்று பலரும் சொல்வார்கள். அது உண்மையானால் எஞ்சின் இறங்கிய அன்றே பழைய வண்டி செத்துவிட்டது என்று ஆகும். இந்த எண்ணத்தைச் சோதிக்க விருத்தாசலத்துக்கு அருகிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. சைவ சித்தாந்தத்தின் தலைநூலான சிவஞானபோதத்தை 13ஆம் நூற்றாண்டில் அருளிய மெய்கண்டார் பக்கத்திலுள்ள பெண்ணாடத்தில் பிறந்தவர் என்பது மரபு. பன்னிரண்டு சூத்திரங்கள் கொண்ட அந்நூலின் மூன்றாம் சூத்திரம் உடம்பு உயிரா, புலன்கள் உயிரா, மூச்சு உயிரா என்று ஒவ்வொன்றாக எடுத்து விலக்குகிறது. மூச்சை விலக்கும் காரணம் கூர்மையானது: உறக்கத்திலும் மூச்சு ஓடுகிறது, ஆனால் அப்போது நுகர்ச்சியும் இல்லை, செயலும் இல்லை. ஆகவே மூச்சு வேறு, உயிர் வேறு. நியூட்ரலில் ஓடும் எஞ்சினும் இப்படித்தான். அது இயங்குகிறது, வண்டி தன் வேலையைச் செய்யவில்லை. விசை தருவது ஒன்று, அந்த விசை எதற்காக என்பது இன்னொன்று.

ஒர்க்ஷாப்பில் நடப்பதும் இதையே காட்டுகிறது. பழைய பெட்ரோல் எஞ்சினை இறக்கி டீசல் எஞ்சினை ஏற்றும்போது, வருகிற எஞ்சின்தான் பெரும்பாலும் வண்டிக்கு இணங்க வேண்டியிருக்கிறது. சேஸில் உட்கார மவுண்டிங்கை வெட்டி வெல்டிங் வைக்கிறார்கள். கியர்பாக்ஸோடு பொருந்தாவிட்டால் நடுவில் அடாப்டர் பிளேட் போடுகிறார்கள். எடை கூடுவதால் முன்பக்க ஸ்பிரிங் பட்டையை வலுப்படுத்துகிறார்கள். பெட்ரோல் எஞ்சின் காற்றை இழுக்கும் விசையிலேயே வேலை செய்துவந்த பிரேக் பூஸ்டருக்கு இப்போது தனியாக வாக்குவம் பம்ப் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் சரக்கேற்றிய வண்டி மிதித்த இடத்தில் நிற்காது. தயாரிப்பாளர்களின் வரலாறும் இதற்குச் சான்று. 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை வந்த அம்பாசடர் கார், பெட்ரோல், டீசல், பின்னர் ஜப்பானின் இசுசு எனப் பல எஞ்சின்களைச் சுமந்தது. அது அம்பாசடர்தானா என்று யாரும் ஐயுறவில்லை.

அப்படியானால் சேஸ்தான் வண்டியா? சேஸில் பொறித்த எண்ணைத்தானே சட்டம் பார்க்கிறது என்று கேட்கலாம். எண் அடையாளத்துக்குச் சாட்சி, அடையாளமே ஆகிவிடாது. சேஸும் இரும்புதான், துருவேறும், வெட்டி ஒட்டப்படும். ஒரு பாகத்தைத் தள்ளிவிட்டு இன்னொரு பாகத்தை அரியணையில் ஏற்றுவதால் கேள்வி தீராது.

இங்கே சூளையே ஒரு விடை தருகிறது. பச்சைப் பானை சூளையில் வெந்து சிவந்து வருகிறதே, உள்ளே போன பானையும் வெளியே வந்த பானையும் ஒன்றா என்று இந்தியத் தருக்க மரபினர் நீண்ட வாதம் நடத்தினார்கள். தீயில் பானை அணு அணுவாகப் பிரிந்து, நிறம் மாறிய அணுக்கள் மறுபடி கூடி வேறொரு பானை பிறக்கிறது என்றனர் வைசேடிகர். நையாயிகர் இதை மறுத்தனர். அடியிலிருக்கும் பானை அழிந்து மறுபடி பிறந்திருந்தால் அதன்மேல் அடுக்கிய பானைகள் சரிந்து விழுந்திருக்க வேண்டும், விழவில்லை. சூளை வாய்வழி பார்க்கிறவனுக்கு இடையில் எந்த நேரமும் அது பானையாகவே தெரிகிறது. ஆகவே அது அதே பானைதான். பீங்கான் அடுக்குகிற எவருக்கும் விளங்கும் வாதம் இது. தன்மேல் வைத்ததைத் தாங்குவது அறுபடவில்லை என்பதே ஒரு பொருள் தொடர்கிறது என்பதற்கு வலுவான சான்று. பிக்கப்பின்மேல் இருப்பதும் வெறும் சரக்கு மட்டுமல்ல. அதை நம்பி வாங்கிய கடன், நாள் தவறாமல் சரக்கை எதிர்பார்க்கும் கடைக்காரர், ஓட்டுநரின் குடும்பம் எல்லாம் அதன்மேல் அடுக்கப்பட்டிருக்கின்றன. எஞ்சின் மாறியும் இவை சரியவில்லை என்றால் வண்டி தொடர்கிறது.

பௌத்தர் இதை ஒப்பமாட்டார். மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் தேரைக் காட்டிச் சொன்னது நினைவுக்கு வரும்: சக்கரமும் அச்சும் நுகமும் தனித்தனியே தேர் அல்ல, அவற்றுக்கு அப்பாலும் தேர் இல்லை, தேர் என்பது வழக்குப்பெயர். வண்டிக்குத் தனக்கென்று ஓர் ஆன்மா இல்லை என்ற அளவில் சைவ சித்தாந்தமும் உடன்படும். சடம் பிறருக்காக இருப்பது. ஆனால் அடையாளம் வெறும் பெயர்தான் என்று நின்றுவிட்டால், பெயரைப் பொய்யாக்க முடியும் என்பதை எப்படி விளக்குவது? விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் அர்த்தநாரீசுவரர் கற்சிலை திருடுபோய், பொய்யான உடைமை வரலாற்றோடு 2004இல் சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் அதற்கு முன்பே கோயிலில் எடுத்து வைத்திருந்த புகைப்படம் உண்மையைக் காட்டிக்கொடுத்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியா சிலையைத் திருப்பித் தந்தது. சிலையோடு வந்த காகிதம் ஒன்று சொன்னது, நடந்தது வேறாக இருந்தது. வழக்குப்பெயருக்கு அப்பால் உண்மை என்று ஒன்று இல்லையென்றால் அந்தக் காகிதத்தைப் பொய் என்று சொல்ல நமக்கு உரிமையே கிடையாது.

இன்னொரு தடை எழும். தாங்கும் பொறுப்புத்தான் அடையாளம் என்றால், திருட்டு வண்டியில் பழைய எண்ணைப் பொறித்து அதே சுமையை ஏற்றினாலும் அது பழைய வண்டி ஆகிவிடாதா? ஆகாது. சுமை மட்டும் போதாது, நடந்த மாற்றம் கணக்கில் இருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு வண்டியின் மாற்றங்களைப் பதிவு அதிகாரியின் பார்வைக்குக் கொண்டுவருவதற்கும் இந்த அறப்பொருள் உண்டு. ஆர்.சி. புக்கில் சேஸ் எண்ணோடு எஞ்சின் எண்ணும் நிற்கிறது. எஞ்சின் மாறினால் அந்த வரியும் மாற வேண்டும். சமயச் சிந்தனையில் ஆவணத்துக்கு என்ன இடம் என்று நினைப்பவர்கள் இதே தலத்தின் சுந்தரர் வரலாற்றைப் பார்க்கலாம். இறைவன் தந்த பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுக்கும்படி ஆணை. இடுவதற்கு முன்பு சுந்தரர் மச்சமாக, அதாவது மாதிரியாக, ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டார். எடுத்ததை உரைத்துப் பார்த்து, மாற்றுக் குறைந்ததைக் கண்டு முறையிட்டார். சரிபார்த்தலைப் பக்திக் குறைவாகப் பெரியபுராணம் கருதவில்லை. இறைவன் கொடுத்த பொன்னுக்கே மச்சம் வேண்டியிருந்ததென்றால், மனிதன் மாற்றிய எஞ்சினுக்கு ஒரு பதிவு மிகையாகாது.

ஆகவே பழைய பிக்கப்பில் புதிய எஞ்சின் ஏற்றுவதில் தவறில்லை. உறுதியான வண்டியை இரும்புக்கடைக்கு அனுப்புவதைவிட அது நல்ல செயல். ஆனால் இரண்டு கடமைகள் அதோடு சேர்ந்தே வருகின்றன. கூடிய எடைக்கும் வேகத்துக்கும் ஏற்றபடி பிரேக்கும் பட்டையும் தாங்கும்படி செய்யுங்கள். செய்த மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்றுங்கள், வாங்க வருபவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். இவ்விரண்டையும் செய்தவரின் வண்டி அதே வண்டிதான்.