ஒற்றுமையும் மௌனமும்

வலிமை குன்றியோர் பலர் ஒன்றுகூடின் வலிமை பெறுவர் என்பது நாம் இளமை முதல் கேட்டுவரும் நீதி. ஆயின், கூடியோருள் ஒருவருக்குத் தீங்கு நேரும்போது, கூட்டுறவு குலைந்துவிடுமோ என்றஞ்சி ஏனையோர் வாய்மூடியிருப்பின், அவ்வொற்றுமையின் மதிப்பு யாது? தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கடல் வழக்குகள் இவ்வினாவை நம்முன் வைக்கின்றன.

இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் 1967-இல் பாங்காக்கில் கூடி ‘ஆசியான்’ என்னும் கூட்டமைப்பைத் தோற்றுவித்தன. பெரும்பான்மை வாக்கினால் எவரையும் அடக்குவதில்லை. கலந்துபேசி, அனைவரும் இசைந்தாலே முடிவு என்பது அதன் நெறி. மிகச் சிறிய நாட்டின் குரலும் மதிக்கப்பட வேண்டும் என்னும் அறவுணர்வு இந்நெறியில் உண்டு என்பதை நாம் மறுக்கவியலாது.

தமக்குள் எழுந்த கடல் வழக்குகளில் இந்நாடுகள் காட்டிய பக்குவமும் போற்றத்தக்கதே. தாய்லாந்து வளைகுடாவில் தாம் இருவரும் உரிமை கோரிய பகுதியை, எல்லைச் சிக்கலை ஒத்திவைத்துக் கூட்டாகப் பயன்கொள்ள மலேசியாவும் தாய்லாந்தும் 1979-இல் இசைந்தன. சிபடான், லிகிதான் தீவுகள் மலேசியாவுக்கே உரியவை என அனைத்துலக நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தபோது, வழக்கில் தோற்ற இந்தோனேசியா அதனை ஏற்றது. 2008-இல் அதே நீதிமன்றம் பெட்ரா பிராங்காவைச் சிங்கப்பூருக்கு உரியதாக்கியது. தோற்றவர் எவரும் படை திரட்டவில்லை. ஒப்பவர் இருவர் வழக்காடும்போது சட்டம் நடுவே நிற்க இடம் கிடைத்தது.

எதிரே நிற்பவர் பேராற்றல் உடையவராயின் நிலை வேறாகிறது. பிலிப்பைன்ஸ் உரிமை கோரிய மிஸ்சீஃப் பவளத்திட்டில் சீனா கட்டடங்கள் எழுப்பியது 1995-இல் வெளிப்பட்டபோது, ஆசியான் வெளியுறவு அமைச்சர்கள் ஒரே குரலில் கவலை தெரிவித்தனர். 2012-இல் அக்குரல் உடைந்தது. அவ்வாண்டு ஸ்கார்பரோ திட்டில் சீனக் கப்பல்களும் பிலிப்பைன்ஸ் கப்பல்களும் எதிரெதிர் நின்றன. புனோம்பென்னில் கூடிய அமைச்சர்களின் கூட்டறிக்கையில் அதனைக் குறிப்பிட வேண்டும் என்றது பிலிப்பைன்ஸ். இருநாட்டு வழக்குக்கு அங்கு இடமில்லை என்றது தலைமையேற்ற கம்போடியா. 45 ஆண்டுகளில் முதன்முறையாகக் கூட்டறிக்கையே வெளிவரவில்லை.

கடற்சட்ட உடன்படிக்கையின் கீழ் அமைந்த நடுவர் தீர்ப்பாயம் 2016 ஜூலை 12 அன்று தீர்ப்பளித்தது. ஒன்பது கோட்டு வரைபடத்தைக் காட்டிச் சீனா கோரிய வரலாற்று உரிமைக்குச் சட்ட அடிப்படை இல்லை. ஸ்கார்பரோவில் மரபாக மீன்பிடித்து வந்த பிலிப்பைன்ஸ் மீனவரைத் தடுத்ததும் முறையன்று என்றது. சீனா அதனை ஏற்கவில்லை. அதே மாதம் கூடிய ஆசியான் அமைச்சர்களின் அறிக்கையிலோ அத்தீர்ப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கம்போடியாவை மட்டும் பழித்து நாம் அமைதி கொள்ளலாமா? அக்கடலில் அதற்கு உரிமைக் கோரிக்கை இல்லை. சீனத்தின் உதவியோ மிகவும் தேவை. பிறர் வழக்கிற்காகத் தன் மக்களின் வாழ்வை ஏன் இடருக்குள்ளாக்க வேண்டும் என்று அது கேட்பின், எளிதில் தள்ளிவிடத்தக்க கேள்வியன்று அது. மேலும், மௌனம் சில வேளைகளில் போரைத் தவிர்க்கிறது என்பதும் உண்மையே.

எனினும் ஒரு வேறுபாட்டை நாம் உணர்தல் வேண்டும். வழக்கை எவ்வாறு தீர்ப்பது என்பதற்கு அனைவரின் இசைவு தேவை எனலாம். ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தது என்று சொல்வதற்குமா அனைவரின் இசைவு வேண்டும்? அவ்வாறாயின், வலியவர் அனைவரையும் வெல்ல வேண்டியதில்லை. ஒருவரை வயப்படுத்தினால் போதும். எளியோரைக் காக்க எழுந்த வேலி, எளியோரின் வாயைக் கட்டும் கயிறாகிவிடும்.

2012-இல் கூட்டம் முறிந்தபின், இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர் மார்ட்டி நட்டாலேகாவா தலைநகர் தலைநகராகச் சென்று பேசினார். சில நாள்களிலேயே ஆறு கோட்பாடுகளுக்கு அனைவரும் இசைந்தனர். ஸ்கார்பரோவின் பெயர் அவற்றில் இல்லை. ஆயினும் கடற்சட்டத்தை மதிப்பதும் வலிமையைப் பயன்படுத்தாமையும் அவற்றில் இருந்தன. அத்திட்டில் இந்தோனேசியாவுக்கு உரிமையேதும் இல்லை என்பதை நினைவிற்கொள்வோமாக. தமக்கு நேராத தீங்கிற்காகவும் ஒருவர் எழுந்து நடக்கும் இடத்திலேதான் கூட்டம் உறவாக மாறத் தொடங்குகிறது.