விளிம்பில் இருந்த பெயர்



பொதுக்காலம் 19ஆம் ஞாயிறான இன்று, லூக்கா நற்செய்தியில் திருடன் இரண்டு முறை வருகிறான். அவன் அண்ட முடியாத செல்வத்தை விண்ணகத்தில் சேர்த்துவையுங்கள் என்கிறார் ஆண்டவர். கொஞ்சம் தள்ளி, திருடன் வரும் நேரம் தெரிந்திருந்தால் எந்த வீட்டுக்காரர் கன்னம் வைக்க விட்டிருப்பார் என்று கேட்கிறார். கன்னம் வைத்த வீட்டின் மறுநாள் காலை எனக்குத் தெரியும்.

நான் குருமடத்தில் இருந்த காலம். வீட்டில் எல்லோரும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போயிருந்தார்கள். பின்கதவைப் பெயர்த்து வந்தவர்கள் குத்துவிளக்கு, பித்தளை அண்டா, டிரங்குப் பெட்டியிலிருந்த வெள்ளிக் கொலுசு, கூடவே கொள்ளுத்தாத்தாவின் பட்டாளத்து மெடல் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா அண்டாவுக்காக அழுதார். அப்பா மெடலைத் தேடித் திண்டிவனத்தில் அடகுக் கடை, பழைய வெள்ளிக் கடை, காயலான் கடை என்று ஒரு மாதம் ஏறி இறங்கினார்.

கொள்ளுத்தாத்தா மதராஸ் சாப்பர்ஸ் படையில் முதல் உலகப்போருக்குப் போனவர். மெசபொத்தேமியா, அதாவது இன்றைய ஈராக். பாலம் கட்டுவதும் பாதை போடுவதும் அந்தப் படையின் வேலை. மெடல் வெள்ளி, அந்தக் காலத்து ஒரு ரூபாயைவிடச் சற்றுப் பெரிது. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் குதிரைமேல் ஒரு வீரர், குதிரையின் காலடியில் எதிரியின் கேடயமும் மண்டையோடும், 1914, 1918 என்ற ஆண்டுகள். அந்தக் குதிரை வீரருக்கு உடம்பில் ஒட்டுத்துணி கிடையாது. அதனால் பாட்டி எப்போதும் ராஜா முகத்தை மட்டும்தான் காட்டுவார். ஆனால் விஷயம் இரண்டு பக்கத்திலும் இல்லை, விளிம்பில் இருந்தது. எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொடி ஆங்கில எழுத்தில் அடித்திருக்கும். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. நகத்தால் தடவிப் பார்த்து, "இதோ, இங்க இருக்காரு" என்பார்.

அந்த விளிம்பின் மதிப்பு எனக்குப் பின்னாளில்தான் புரிந்தது. மெசபொத்தேமியாவில் மாண்டவர்களுக்காகப் பாஸ்ராவில் 1929இல் ஒரு நினைவுச் சின்னம் திறந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருந்தன. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்குப் பெயர் இல்லை. இந்தப் படைப்பிரிவில் இத்தனை பேர் என்ற எண்ணிக்கைதான். அதற்காகப் போர்க் கல்லறை ஆணையம் மன்னிப்புக் கேட்டது 2021இல். கல்லில் இடம் கிடைக்காத பெயருக்கு அந்த வெள்ளி விளிம்பில் இடம் இருந்தது.

நம் உயர்மறைமாவட்டத்தில் இன்னொரு கொடியின் கீழ் போனவர்களும் உண்டு. புதுச்சேரிக் கடற்கரையில் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள். சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துத் தாத்தாவின் மெடலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, திருஇருதயப் படத்துக்குக் கீழே மாட்டியிருக்கும் வீடுகளுக்கு நான் மந்திரிக்கப் போயிருக்கிறேன்.

களவு போனவை எங்கே போகின்றன? பாதி உருகிவிடுகின்றன. 1980இல் வெள்ளி விலை எகிறியபோது உலகம் முழுக்க இப்படிப்பட்ட மெடல்கள் உலைக்குப் போயின. தப்பியவை கைமாறிக் கைமாறிச் சேகரிப்பவர்களிடம் சேர்கின்றன. சேகரிப்பதைப் பாவம் என்று சொல்ல வரவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைமேல் வீசிய குண்டின் சில்லை யாரோ எடுத்து வைத்ததால்தான் இன்றைக்கும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கிறோம். ஆனால் இது யார் வீட்டுப் பெட்டியிலிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்குகிற கை சுத்தமான கை அல்ல. தரங்கம்பாடியில் சீகன்பால்க் 1715இல் அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாடு, சரபோஜி மன்னரின் கையெழுத்தோடு, தஞ்சை சரசுவதி மகாலில் இருந்தது. 2005இல் காணாமல்போனது. அது லண்டனில் ஒரு சேகரிப்பில் இருக்கிறது என்று 2022இல் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு அறிவித்தது. களவு செய்யாதே என்ற கட்டளை அச்சிட்டிருக்கும் புத்தகத்தையே களவாடினால் என்ன சொல்ல!

விவிலியத்திலும் ஒரு போர்ச்சின்னம் உண்டு. கோலியாத்தின் வாள். நோபு என்ற ஊரில், குருக்களின் ஏபோத்துக்குப் பின்னால், துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். பாட்டியின் டிரங்குப் பெட்டி மாதிரிதான். சவுலுக்குப் பயந்து ஓடிவந்த தாவீது அதற்கு ஈடு வேறில்லை என்று ஆசையாய் வாங்கிக்கொள்கிறார். வாங்கிக்கொண்டு எங்கே போகிறார்? காத்து நகருக்கு. கோலியாத்தின் சொந்த ஊருக்கு! கவணும் கூழாங்கல்லும் வைத்திருந்தபோது அஞ்சாத அந்தப் பிள்ளை, அந்த வாள் கைக்கு வந்தபின், தாடியில் எச்சில் ஒழுகப் பைத்தியமாய் நடித்து உயிர் தப்புகிறார். அவருக்கு உதவிய நோபுவின் குருக்கள் 85 பேர் வெட்டிச் சாய்க்கப்பட்டார்கள். அதன்பின் வாள் எங்கே போயிற்று என்று விவிலியம் மூச்சுவிடவில்லை. தாவீதும் தேடியதாகத் தெரியவில்லை.

அப்பாவும் ஒருநாள் தேடுவதை நிறுத்தினார். நகலும் இல்லை, போட்டோவும் இல்லை. பாட்டி சொல்லி வந்ததையும், தான் சிறுவயதில் எழுத்துக்கூட்டிப் படித்ததையும் வைத்து, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினார்: பெயர், சாப்பர், பாஸ்ரா போய்த் திரும்பியவர். படைஎண் பாதிதான் நினைவிருந்தது. மீதிக்குக் கோடு போட்டு விட்டிருந்தார். அந்த நோட்டு இப்போது என் திருப்புகழ்மாலைப் புத்தகத்தோடு இருக்கிறது. கல்லறைத் திருநாளில் அதைப் பார்த்துத்தான் பெயர் வாசிக்கிறேன். எடுத்துக்கொண்டு போனவருக்காக ஜெபிக்க எனக்கு ஏழெட்டு வருடம் ஆனது. அண்டாவை நினைத்தால் இன்றும் கொஞ்சம் பொறுமுகிறது.

ஒரு வார்த்தை, யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனம் செய்தால் களவு முடிந்துபோகாது. பொருள் திரும்பப் போக வேண்டும். சக்கேயு நாலு மடங்காகக் கொடுத்தார். அடுத்தவர் வீட்டுப் பொருள் தெரிந்தோ தெரியாமலோ உங்களிடம் வந்திருந்தால், நேரே போய்க் கொடுக்க வெட்கமாக இருந்தால், குருவிடம் கொடுங்கள். உரியவரிடம் சேர்த்துவிடுவேன். யார் கொடுத்தது என்று கேட்கவும் மாட்டேன், சொல்லவும் மாட்டேன்.

வெள்ளிக்கிழமை மாதாவின் விண்ணேற்புப் பெருவிழா, சுதந்திர தினமும் அன்றுதான். நம் பங்கிலிருந்து எந்தப் பட்டாளத்துக்குப் போனவராயினும், மெடல் இருந்தாலும் தொலைந்தாலும், அவர் பெயரைத் திருப்பலிக் கருத்தில் வாசிப்போம். உபதேசியார் வாசலில் நோட்டு வைத்திருக்கிறார். காணிக்கை வேண்டாம். பெயரை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது.