பழைய சீக்கு

தோட்டத்தில் ஒருவன் மயங்கி விழுந்தால், “இது பழைய சீக்கு” என்போம். கேமரன் மலைக் கிராணியாகிய யானும் அவ்வாறு சொன்னதுண்டு. ஒரு சிப்பாயின் வழக்கை வாசித்தபின் அச்சொல் நாவில் எழவில்லை.

தரம்வீர் சிங் 1985-ல் இந்தியப் படையில் சேர்ந்தார். அன்று வைத்தியர் குறையொன்றும் எழுதவில்லை. 1994-ல் வலிப்பு நோயென்று விலக்கினர். அது தேகத்தின் இயல்பு, சேவையால் வந்ததன்று என்று ஊன உபகாரச் சம்பளத்தையும் மறுத்தனர். 2013-ல் இந்திய சுப்ரீம் கோர்ட்டு வேறு கூறிற்று: சேரும்போது குறிக்கப்படாத நோய் சேவையில் வந்ததென்றே கொள்ளவேண்டும், அன்றென்று நிரூபிப்பது சர்க்காரின் பொறுப்பு.

நோய் மெய்யாகவே முன்பு உறங்கிக் கிடந்திருப்பின்? கிடந்திருக்கட்டுமே! ஒன்பதாண்டு வேலை வாங்கியது அந்தத் தேகத்திடந்தானே?

பெரட்டில் விழுந்தவனைச் சேர்த்த நாளில், ‘நல்ல தேகம்’ என்று புத்தகத்தில் எழுதியவன் யானே.