நோயாளியின் மௌனம்

நீரிழிவு பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் உடனுறையும் நோய். ஆதலின், அந்நோயாளர் பலர் ஒரு வைத்தியமுறையோடு அமைவதில்லை. இலங்கையில், அரசினர் வைத்தியசாலை வழங்கிய குளிசையை விழுங்குபவரே, கொத்தல ஹிம்புட்டுக் கட்டையிற் கடைந்த குவளையில் இரவு முழுவதும் ஊறிய நீரையும் பருகுகின்றார். பாகற்காயையும் கோவையிலையையும் மருந்தாகவே உண்கின்றார். ஆயின், இதனை வைத்தியரிடம் கூறுவதில்லை. இம்மௌனம் அறநோக்கில் ஆராயத்தக்கது.

மூலிகை மருத்துவம் முழுவதும் மூடநம்பிக்கை என்பார் கூற்று வரலாற்றுக்குப் பொருந்தாது. 1957இல் பிரான்சில் நீரிழிவுக்கு வழங்கத் தொடங்கிய மெற்போமின், ஐரோப்பிய மூலிகையொன்றின் இரசாயனத்தை ஆராய்ந்த வழியில் வந்ததே. கொத்தல ஹிம்புட்டிலுள்ள சில பொருள்கள் குடலில் மாப்பொருளைச் சிதைக்கும் நொதியங்களைத் தடுப்பனவாம். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சுதேச வைத்தியத்துக்கு அரச அங்கீகாரமும் அளித்துள்ளது.

இவ்வுண்மையே மறைப்பின் தீமையையும் உணர்த்துகின்றது. மூலிகை பயனற்றதாயின், அதனை மறைப்பதால் விளையும் கேடு சிறிது. அது குருதி வெல்லத்தைக் குறைக்குமாயின், அதனை அறியாத வைத்தியர் குளிசையின் அளவைக் கூட்ட, வெல்லம் அளவுக்கு மீறித் தாழ்ந்து நோயாளி மயங்கி விழவும் நேரலாம்.

தன்னுடலுக்குரிய மருந்தைத் தேர்தல் நோயாளியின் உரிமை எனலாம். எனினும் அவ்வுரிமைக்கும் எல்லையுண்டு. சதையி இன்சுலினைச் சுரக்காத குழந்தைக்கு எம்மூலிகையும் அதற்கு ஈடாகாது. 1922 சனவரியில் தொறொன்ரோ நகரில் 14 வயதுச் சிறுவனொருவனுக்கு இன்சுலின் ஏற்றப்படும் வரை, இத்தகைய குழந்தைகளுக்கு மரணமே முடிவாயிருந்தது. முழுக்குணம் தருவதாகக் கூறுவோரை நம்பி அக்குழந்தையின் ஊசியை நிறுத்தும் பெற்றோர், தம் உரிமையை அன்று, பிறிதோர் உயிரையே பணயம் வைக்கின்றனர்.

எனவே, இம்மௌனத்துக்குப் பொறுப்பாளர் யாவர்? நோயாளி மட்டுமல்லர். நாட்டு மருந்தின் பெயரைக் கேட்டதும் சினந்து ஏசும் வைத்தியர், அடுத்த முறை பொய்யுரைக்குமாறு நோயாளியைப் பழக்குகின்றார். ஆங்கில மருந்தை அறவே கைவிடுமாறு பணிக்கும் பரியாரியாரும் அத்தவற்றையே செய்கின்றார். நோயாளி அஞ்சுவது நோய்க்கன்று, ஏச்சுக்கே.

“வேறென்ன உட்கொள்கிறீர்கள்?” என இகழ்ச்சியின்றி வினவுதல் வைத்தியரின் கடன், உள்ளதை உள்ளவாறு உரைத்தல் நோயாளியின் கடன். இவ்விரண்டனுள் முன்னையதே முதலில் நிகழவேண்டுவது. ஏனெனில், அச்சமுள்ள இடத்தில் வாய்மையை எதிர்பார்த்தல் நீதியாகாது.