செல்போனைப் பிடுங்குவது நியாயமா?

தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்துக் கிராமங்களில் பல வீடுகளில் தாத்தா பாட்டியும் பிள்ளைகளும்தான் இருக்கிறார்கள். பெற்றவர்கள் பெங்களூரில் கட்டட வேலையிலோ திருப்பூர் பனியன் கம்பெனியிலோ இருப்பார்கள். மானாவாரி நிலத்தை நம்பி வயிறு நிறையாது என்று போனவர்கள். அதில் அவர்கள் குற்றம் எதுவுமில்லை. ராத்திரி அம்மா வீடியோ காலில் வருகிறாள். "சாப்ட்டியா சாமி?" "ம்." மகன் அவளைத் திரையின் ஓரத்தில் சின்னதாக ஒதுக்கிவிட்டு, ரீல்ஸைத் தள்ளிக்கொண்டிருக்கிறான். அம்மாவுக்குத் தெரிவது அவன் நெற்றி மட்டும்.

எந்நேரமும் செல்லு, கேட்டால் எரிந்து விழுகிறான், பிடுங்கி வையுங்கள் என்கிறது ஊர். இதில் பாதிதான் நியாயம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபின், ஆன்லைன் வகுப்புக்கு வேண்டுமென்று கடன்பட்டுப் போன் வாங்கிக் கொடுத்தவர்கள் பெரியவர்களே. பள்ளி திறந்த பிறகும் அது பிள்ளை கையிலேயே இருந்தது. தொந்தரவு இல்லாமல் ஒரு மூலையில் கிடக்கிறானே என்பது, உண்மையைச் சொன்னால், எல்லோருக்கும் வசதியாகவும் இருந்தது.

கெடுதல் இல்லாமல் இல்லை. நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் இருக்கும் வளரிளம் பருவத்தினருக்கு மனச்சோர்வு, பதற்ற அறிகுறிகள் வரும் வாய்ப்பு இரு மடங்கு என்று அமெரிக்கத் தலைமை மருத்துவர் 2023-இல் எச்சரித்தார். ஆனால் அந்தக் கணக்கை அப்படியே தர்மபுரிக்குக் கொண்டுவர முடியாது. இங்கே பல பிள்ளைகளுக்குத் தனிமை முதலில் வந்தது, போன் பிறகு வந்தது. அம்மாவின் முகத்தைக் காட்டுவதும் அதே போன்தான். கோபத்தில் பிடுங்குகிறவர் ரீல்ஸோடு அவளையும் சேர்த்தே பிடுங்குகிறார்.

ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல், 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நிறுவனங்கள் தலையில் வைத்திருக்கிறது. தவறினால் அபராதம் நிறுவனத்துக்கே. பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இல்லை. அந்தத் தடை பலிக்குமா என்பது வேறு பேச்சு, குற்றவாளியைச் சரியாக அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

அதற்காகப் பிள்ளையை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. தூங்கும் நேரத்தில் போன் பாட்டியின் பெட்டிக்குள் போகட்டும். அம்மா பேசும்போது ரீல்ஸை மூடச் சொல்லிக் கண்டிக்கலாம், கண்டிக்கவும் வேண்டும். ஆனால் சாயங்காலம் அவனோடு உட்கார்ந்து அரை மணி நேரம் பேச மாமாவோ சித்தப்பாவோ பக்கத்து வீட்டுக்காரரோ யாரும் முன்வராத ஊருக்கு, அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கும் உரிமை இல்லை.